ஒளி விழுந்த பக்கம்

தானமாக வந்த ஒரே சிறுநீரகத்துக்கு அந்த மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். யாருக்கு என்பதை, இருவரின் மருத்துவ விவரங்களையும் கணினிபோல் எடைபோடும், நுண்மணிகள் பதித்த நகமளவு கண்ணாடிச் சில்லுக்குள் பாய்ந்த ஒளி ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டது. கிடைக்காதவரின் மனைவி சிகப்பியிடம் நர்ஸ் ஜெபக்கனி அதைச் சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு ஏன் இல்லையாம்?”

“கண்ணாடி காரணம் சொல்லாதும்மா. ஒளி இன்னொருத்தர் பக்கம் விழுந்துருச்சு.”

“அப்ப நான் யாரைத்தான் திட்டுறது?”

ஜெபக்கனி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“என்னைத் திட்டுங்க.”

சிகப்பி வாய்க்கு வந்தபடி திட்டினாள், அவளைப் பெற்றவர்களையும் விட்டுவைக்கவில்லை. ஜெபக்கனி எழுந்து போகவில்லை. கடைசியில் குரல் உடைந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிகப்பி கேட்டாள்: “அடுத்த டயாலிசிஸ் என்னைக்கும்மா?”