ரொக்குதாவோடு கடைசி ஆட்டம்

“ஒரு நீர்நாய்க்குட்டி தோத்தாத்தான் எம்பொண்ணு பள்ளிக்கூடம் போவாளா? நல்லா இருக்குடி நியாயம்!”

ஷிகெஹரு போட்ட சத்தத்தில் மனைவி தொமொயோவின் கையிலிருந்த கரண்டி சூப்புக்குள் நழுவியது.

“மெல்லப் பேசுங்க. முழிச்சுக்கப் போறா.”

“முழிக்கட்டும். ஊர்ல எவனாவது இப்படிப் பிள்ளை வளர்ப்பானா?”

தொமொயோ கரண்டியை வெளியே எடுத்தாள். குளிர்கால விடுமுறை முடிந்த நாளிலிருந்து, ‘வயிறு வலிக்குது’ என்று காலையில் சுருண்டு படுத்துவிடுகிறாள் மகள் சுசுனா. வயிற்றில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வகுப்பில் யாரோடும் சண்டை இல்லை என்றார் டீச்சர். கெஞ்சிப் பார்த்து, மிரட்டிப் பார்த்து, கடைசியில் சுசுனாவே ஒரு வழி சொன்னாள்.

“ரொக்குதாவை ஜெயிச்சா மறுநாள் போறேம்மா.”

டி.வி.யில் வரும் நீர்நாய்க்குட்டிதான் ரொக்குதா. தொமொயோ சின்னப்பெண்ணாக இருந்தபோதே வந்தவன். அவனுக்கு மட்டும் இன்னும் வயசு ஏறவில்லை. கதை முடிந்ததும் முதுகுக்குப் பின்னால் கையை மறைத்துக்கொண்டு, பார்க்கிற பிள்ளைகளோடு ஜாங்கென் ஆடுவான். கல்லா, காகிதமா, கத்தரியா? காகிதம் கல்லை மூடும், கத்தரி காகிதத்தை வெட்டும், கல் கத்தரியை உடைக்கும். இவர்கள் இருக்கும் மியாசாக்கியில் எல்லா நிகழ்ச்சியும் தாமதம். டோக்கியோவில் போன ஞாயிறு வந்தது, இங்கே இந்த ஞாயிறு காலையில்தான் வரும்.

சுசுனா ஒரு வாரம்கூட ஜெயிக்கவில்லை. ஒன்று தோற்பாள், இல்லாவிட்டால் சமன். தொமொயோ கோயிலுக்குப் போய் மணிக்கயிற்றை ஆட்டி வேண்டிக்கொண்டுகூடப் பார்த்துவிட்டாள்.

இன்றைக்கு இந்த சீசனின் கடைசிப் பகுதி. அடுத்த சீசனில் இந்த ஆட்டத்தையே எடுத்துவிடப் போகிறார்களாம். நாளைக்கு மூன்றாம் வகுப்பு ஆரம்பம். முதல் நாளே போகாவிட்டால், அப்புறம் இவள் போகவே மாட்டாள். தொமொயோவுக்கு நேற்றிலிருந்தே சோறு இறங்கவில்லை.

அறைக்கதவு கொஞ்சம் திறந்தது.

“அம்மா, அப்பா இருக்காரா?”

ஞாயிறு தவறாமல் இதுதான் முதல் கேள்வி. ஷிகெஹரு பஸ் டிரைவர். கடற்கரைக்கு வரும் கூட்டத்துக்காக ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வண்டியெடுக்கப் போய்விடுவான். ‘இல்லைடி, போயாச்சு’ என்றதும் சுசுனா பேசாமல் டி.வி. முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். அப்பாவிடம் அவ்வளவு பயம் என்று தொமொயோ நினைத்துக்கொள்வாள். அவள் வாய்விட்டுச் சிரிப்பதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான், டோக்கியோவிலிருக்கும் மாமா பெண் ரிஸாவோடு போனில் குசுகுசுக்கும்போது.

“இருக்காரு. இன்னிக்கு லீவு.”

இன்றைக்குப் பார்த்தா இந்த மனுஷன் லீவு போட வேண்டும் என்றிருந்தது தொமொயோவுக்கு.

ஷிகெஹரு மகளுக்குப் பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தான். ஒரு ஆரஞ்சை உரித்து அவள் பக்கம் தள்ளினான். அவள் தொடவில்லை.

கதை ஓடியது. முடிந்தது. ரொக்குதா கையை மறைத்தான்.

“ஏய் சுசுனா, எதை வேணா போடு. காகிதம் மட்டும் போடாதே.”

“ஏன்?”

“அது பயந்தாங்கொள்ளிங்க போடறது.”

“நான் ஒண்ணும் பயந்தாங்கொள்ளி இல்ல.”

“அப்ப போடாதேங்கறேன்!”

தொமொயோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நேரத்திலா குழந்தையைக் குழப்புவது? அப்பா சொன்னதற்கு நேர்மாறாகத்தானே இவள் செய்வாள். குடையை எடு என்றால் நனைந்துகொண்டு வருகிற ஜாதி.

“சும்மா இருங்களேன்!”

“ஜாங்கென்... பொன்!” என்று கை நீட்டக் குரல் கொடுத்தான் ரொக்குதா.

சுசுனா ஐந்து விரலையும் அகல விரித்தாள். காகிதம்.

ரொக்குதா காட்டியது கல்.

தொமொயோ சமையல் மேடையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஜெயிச்சாச்சு. நாளைக்குப் போறேன்,” என்ற சுசுனா, எழுந்துபோய்ப் புத்தகப்பையை எடுத்துத் தூசி தட்டினாள்.

“சொன்ன பேச்சு கேக்காத கழுதை!” என்றான் ஷிகெஹரு. திட்டுகிறவன் முகமாக அது இல்லை.

அப்போது போன் அடித்தது. டோக்கியோவிலிருந்து தொமொயோவின் அண்ணன்.

“என்னம்மா, காகிதம் போட்டாளா?”

“அண்ணா! உனக்கு எப்படி...”

“போன ஞாயிறே மாப்பிள்ளை போன் பண்ணி, ரொக்குதா எதைக் காட்டினான்னு கேட்டுக்கிட்டாரே. நேராச் சொன்னா அவ கேக்கமாட்டா, வேண்டாம் வேண்டாம்னு சொல்லியே போட வைக்கறேன்னார். அதுக்காகத்தான் லீவே எடுத்தாராம். உங்கிட்ட சொல்லலையா?”

காலையிலிருந்து தொமொயோ ஷிகெஹருவை மனசுக்குள் எத்தனை திட்டு திட்டியிருப்பாள்!

“ஆனா ஒண்ணுதான் புரியலைம்மா,” என்றான் அண்ணன். “இப்பத்தான் ரிஸா சொல்றா. சுசுனாவும் சனிக்கிழமைதோறும் அவகிட்ட இதையேதான் கேப்பாளாம். எல்லா வாரமும் சுசுனாவுக்கு முன்னாடியே தெரியும். அப்புறம் ஏன் தோத்துக்கிட்டே இருந்தா?”

தொமொயோ மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் தோளில் சாய்ந்து ஆரஞ்சுச் சுளையை மென்றுகொண்டிருந்தாள் சுசுனா.

“அப்பா, அடுத்த ஞாயித்துக்கிழமையும் லீவு போடுவீங்களா?”