பூட்டுக்காரரின் பச்சைக் கஞ்சி

சமையலறை ஜன்னலின் கொக்கியைச் சத்தமில்லாமல் விடுவிப்பது பூட்டுக்காரருக்குப் பெரிய வித்தையில்லை. ஊரார் பூட்டையெல்லாம் திறந்து கொடுப்பவர், தன் வீட்டு ஜன்னலைத் திறக்க மாட்டாரா?

இடது கையில் கிண்ணம். கிண்ணம் நிறையப் பச்சைக் கஞ்சி.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மனைவி வெளியே வர இன்னும் நேரமிருக்கிறது.

வெறும் ஓட்ஸ் கஞ்சியாக இருந்தால் அவர் சமர்த்தாகக் குடித்துவிடுவார். அதில் காய்ந்த கடற்பாசியைப் பொடித்துக் கலக்குகிறாள் மகராசி. வாயருகே கொண்டுபோனாலே படகின் அடியில் முகத்தை வைத்தது போல ஒரு வாடை.

எல்லாம் அந்த நெஞ்சுவலியால் வந்த வினை. கடையில் ஒரு சாவியை ராவிக்கொண்டிருந்தவர், அரத்தைக் கீழே போட்டுவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிழைத்தது மறுபிறப்பு. கெட்ட கொழுப்பைக் குறைக்க வேண்டும், நல்ல கொழுப்பைக் கூட்ட வேண்டும், மீன் சாப்பிடுங்கள் என்றார் மருத்துவர். இவருக்கோ மீன் என்ற பேச்சை எடுத்தாலே குமட்டும்.

சாக்குச் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. மனைவிக்கு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எண்ணெயிலும் மாவிலும் எந்தக் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு.

“மீனுக்கு மட்டும் அந்தக் கொழுப்பு எங்கேருந்துங்க வருது? கடல்ல இருக்கிற பாசியிலேருந்துதான். பாசியைத் தின்ன பூச்சியை மீன் திங்குது. நீங்க நேரா பாசிக்கே போயிடுங்க.”

கடற்பாசியில் கொழுப்பு துளிதான், ஆனால் இருக்கிற துளி நல்ல ரகம் என்பது அவள் கட்சி. அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் உட்கார்ந்திருந்த கோலம் ஞாபகம் வந்ததால் அவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். பாதி வெளியே வந்துவிட்டது. மறுநாளும் அதே கதை. அந்த வாரக் கடைசியில் இந்த ஜன்னல் கண்ணில் பட்டது.

நேர் கீழே கோழிக்கூண்டு. அதன் கூரை வலையில் கையகலத்துக்கு ஓர் ஓட்டை, ஓட்டைக்கு அடியில் ஒரு தகரத் தட்டு. சாய்த்தால் ஒரு சொட்டு வெளியே சிந்தாது. நாலு கோழிகளும் முண்டியடித்துத் தின்று தட்டைத் துடைத்து வைத்துவிடும். சாட்சியே மிஞ்சாது.

கூண்டு அதுவரை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அங்கே ஈரமாக இருக்கிறது என்று மனைவி அப்போதுதான் இங்கே நகர்த்தி வைத்திருந்தாள். கடவுள் செயல் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நிம்மதி. தினமும் கஞ்சி கோழிக்கு, முட்டை இவருக்கு. ஒரு முட்டை தாராளமாகச் சாப்பிடலாம் என்று மருத்துவரே சொல்லியிருந்தார். அந்த முட்டையின் ருசியே ருசி. முன்பெல்லாம் வெளிறிக் கிடந்த மஞ்சள் கரு, இப்போது பழுத்த பப்பாளி நிறத்தில் இருக்கிறது. கோழி நம் வீட்டுக் கோழியாயிற்றே என்று கடையில் எல்லோரிடமும் பீற்றிக்கொள்வார்.

உடம்பும் தேறிவிட்டது. நேற்று மருத்துவர் அவர் முதுகில் தட்டி, இப்படியே தொடருங்கள் என்று அனுப்பிவைத்தார். வழியெல்லாம் மனைவி அவர் கையை விடவில்லை. சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

அதுதான் இன்று காலை அவரை அறுத்தது. இப்படி நம்புகிறவளை ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. இன்று ஒரு நாளாவது குடித்துவிடுவோம் என்று கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

படகின் அடி.

மன்னித்துக்கொள் தாயே என்று ஜன்னலுக்கு வெளியே கிண்ணத்தைச் சாய்த்தார்.

கொக்கொக்கென்று சத்தம் வரவில்லை. சொத்தென்று வந்தது.

எட்டிப் பார்த்தார். கூண்டு இல்லை. அது இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை சதுரமாக வெளுத்திருந்தது. நடுவில் ஒரு கை கஞ்சி.

குளியலறைச் சத்தம் எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

“கூண்டைக் கழுவி வெயில்ல வெச்சிருக்கேன்” என்றது பின்னாலிருந்து மனைவியின் குரல். “இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீங்களே குடிச்சிடுங்க.”

குரலில் கோபமே இல்லை. ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மேசையருகே நின்று அவருடைய முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்ததை இரண்டாக வெட்டித் தட்டில் வைத்தாள். பப்பாளி நிறம்.

பூட்டுக்காரர் முட்டையைப் பார்த்தார். பாசியைத் தின்ற பூச்சி, பூச்சியைத் தின்ற மீன் என்று மனசு அதுவாகவே கணக்குப் போட்டு, கோழியில் வந்து நின்றது. காது வரைக்கும் சூடேறியது. பிறகு சிரிப்பு வந்தது. கிண்ணத்தில் மிச்சமிருந்ததை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

தண்ணீரைக் குடித்தபடியே வெளியே பார்த்தார். தொட்டியோரம் வெயிலில் கூண்டு காய்ந்துகொண்டிருந்தது. மேலிருந்து தினமும் பார்த்த ஓட்டைதான், இப்போதுதான் வெளிச்சத்தில் பார்க்கிறார். வலை கிழிந்திருக்கவில்லை. கத்தரியால் நேராக வெட்டி, கோழிகளைக் கீறாதபடி நாலு ஓரத்தையும் மடக்கிவிட்டிருந்தாள்.