ஜஸ்லாவின் பங்கு

கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: ஏழு மாதக் கர்ப்பிணி ஜஸ்லா, அவளுடைய மாமியார் ஸரீனா, கலேவெலயிலிருந்து சட்டிகளோடு வந்திறங்கிய ஸரீனாவின் மதினிமார் மூவர்.

ஆட்டிறைச்சி, முட்டை, முட்டை அடித்து அவித்த வட்டிலப்பம் எல்லாவற்றையும் ஸரீனா தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஜஸ்லாவின் தட்டில் பூசணிக்காயும் வாழைப்பழமும் மட்டுமே.

"புள்ளத்தாச்சிக்கு கொண்டுவந்தத நீங்களே திண்டா எப்படி மதினி?" என்றாள் மூத்தவள்.

"கறி நல்லா ஈக்கி." ஸரீனா எலும்பை உறிஞ்சினாள்.

"ஒங்களுக்கு ஈவிரக்கமே இல்லயா?"

"இல்ல."

மூவரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு செருப்பைத் தேடினார்கள். கை கழுவப் போன ஸரீனாவின் பின்னால் ஜஸ்லாவும் அடுக்களைக்குள் வந்தாள்.

"எனக்குப் பொறவியிலேயே ஈக்கிற நோய் வருத்தத்த சொல்லிடுவோம் மாமி. இறைச்சி, முட்டை திண்டா அந்தச் சத்து ரத்தத்துல தேங்கி, வயித்துல ஈக்கிற புள்ளட மூளையக் கெடுத்துரும்னு டொக்டர் சொன்னதையும் சொல்லுவோம். ஊரே ஒங்களத்தான் ஏசுது."

"பரம்பரை வருத்தம்னு தெரிஞ்சா ஒன்ட தங்கச்சிக்கு மாப்பிள்ள வருமா? ஏசட்டும். நாலு கிலோ கூடிட்டேன், அதுதான் கவல."

வாசலில் மூத்தவள் முறைத்தாள். "வார வெள்ளி கோழி கொண்டுவாறோம். பக்கத்துல நிண்டு அவளுக்கு ஊட்டிட்டுத்தான் போவோம்."

"எனக்குக் கொஞ்சம் உறைப்பா ஆக்குங்க" என்ற ஸரீனா, அவர்கள் படியிறங்கியதும் கதவைச் சாத்திப் பூட்டினாள்.