திரையை விட்டு நகராதவள்

“காலையிலிருந்து ஆபரேட்டர் ஜெர்லின் கம்ப்யூட்டர்ல பம்ப் திரைய விட்டு வேற திரைக்கே போக மாட்டேங்கா. சாப்பிடவும் எழும்பல. என்னன்னு பாரும்,” என்றார் உப்பாலை மேலாளர் ஞானையா, பவுலிடம்.

பவுல் எரிச்சலோடு போனான். பம்புகளை இயக்க அவன் எழுதிய புதிய புரோகிராம் இன்றுதான் ஓடத் தொடங்கியிருந்தது. அது ஒழுங்காக ஓடினால்தான் வேலை நிரந்தரம்.

“ஏளா, அடுத்த திரைய அமுக்கினா கை ஒடிஞ்சா போயிரும்?”

ஜெர்லின் குரலைத் தாழ்த்தினாள்.

“இந்தத் திரைய மாத்தினா பம்ப் வேகம் தானா பூஜ்யமாயிருதுண்ணே. காலையில ஒருக்கா நின்னுட்டு. உடனே திரும்ப ஓட்டிட்டேன். சார் முன்னால வச்சு ஒங்ககிட்ட எப்படிச் சொல்ல?”

வாசலில் ஞானையா எட்டிப் பார்த்தார். “என்னவாம் அவளுக்கு?”

“அவளுக்கு ஒண்ணுமில்ல சார். தப்பு என் புரோகிராம்ல,” என்ற பவுல், ஜெர்லினைச் சாப்பிட அனுப்பிவிட்டு அதே திரைக்கு முன்னால் உட்கார்ந்தான்.