ஜோஸ்பினுக்கு வச்ச பேரு

அம்மாவோட முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச மறுநாள், தம்பி மரியசெல்வம் போன்ல டைப் பண்ணி நீட்டினான். கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சிருக்கு, ரெண்டு மாசத்துல கிளம்புறேன், இனிமே அங்கதான்னு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

பிறந்ததுலேருந்து அவனுக்குக் காது கேக்காது. முப்பது வருஷம் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்த வீடு. அம்மா போனதும் அக்கா வேண்டாமாப் போயிட்டேனா? நன்றிகெட்ட பயன்னு புருஷன்கிட்ட புலம்பித் தீத்தேன்.

அப்புறம் ஒரு யோசனை. அவன் பாஷையிலயே கேட்டா மனசு இறங்குவான்ல?

தருமபுரத்துல சைகை மொழி சொல்லித்தர்ற விஷ்ணுப்ரியாகிட்ட சேந்தேன். அவங்க அப்பா, அம்மா ரெண்டு பேருக்குமே காது கேக்காதாம். கையால பேசியே வளந்த பொண்ணு.

ஏழு ஞாயித்துக்கிழமை போனேன். சோறு, வலி, கோவம், போகாதே எல்லாம் படிச்சேன். பேச்சுக்கு நடுவுல முகத்தைத் திருப்புனா மரியாதையில்லைன்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஒருத்தர் பேரைச் சொல்ல ஒவ்வொரு தடவையும் எழுத்தெழுத்தா காட்ட மாட்டாங்களாம். அந்த ஆள்கிட்ட எப்பவும் பாக்குற ஏதாவது ஒண்ணை வச்சு ஒரு சைகை, அதான் பேரு. நாமளா வச்சுக்க முடியாது. காது கேக்காதவங்கதான் வைக்கணும்.

கிளம்புற அன்னைக்கு அவனை மாதிரியே காது கேக்காத கூட்டாளிங்க நாலு பேரு வழியனுப்ப வந்திருந்தாங்க. துணைக்கு விஷ்ணுப்ரியாவையும் கூப்பிட்டிருந்தேன்.

'போகாதே, நான் இருக்கேன்'னு படிச்ச சைகையில சொன்னேன்.

அவனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. கூட்டாளிங்க பக்கம் திரும்பி, என்னைக் காட்டி ஒரு சைகை பண்ணி, மேல ஏதோ சொன்னான். இவங்கதானா அதுங்கற மாதிரி நாலு பேரும் தலையாட்டுனாங்க.

எனக்குப் பெருமை தாங்கல. "பேரு வச்சுட்டானா எனக்கு?"ன்னு விஷ்ணுப்ரியாகிட்ட கேட்டேன்.

"இப்ப வைக்கல ஜோஸ்பினக்கா. அவருக்கு எட்டு வயசுலேருந்தே உங்களுக்கு இதான் பேராம்."

"என்ன பேரு?"

விஷ்ணுப்ரியா அதே மாதிரி உள்ளங்கையைக் காட்டுனாங்க. "'அப்புறம் சொல்றேன்.'"

ராத்திரி சாப்பாட்டுல வீடே எதையாவது பேசிச் சிரிக்கும். என்ன, என்னன்னு அவன் என் கையைச் சுரண்டுவான். அப்புறம் சொல்றேன்னு உள்ளங்கையைக் காட்டி அவனை அடக்கிட்டு, நான் சிரிக்கப் போயிருவேன்.

ஒரு நாளும் சொன்னதில்லை.

அவன் பெட்டியைத் தூக்கினான். தடுக்க எனக்குக் கை எழும்பல.