டயரின் உள் ஓரம்

ஸ்போர்ட்ஸ் காரை மேலே தூக்கிப் பார்த்ததும் டயர்க்கடைக்காரர் கமதாவின் முகம் மாறியது. காரைக் கொண்டுவந்த ஷிகெகி எட்டிப் பார்த்தான். பக்கத்திலேயே மனைவி மியோகோ நின்றிருந்தாள்.

"வெளியே பார்த்தா புதுசு மாதிரி இருக்கு. உள் ஓரத்துல கம்பியே தெரியுது பாருங்க" என்றார் கமதா. "சக்கரம் உள்பக்கமா ரொம்பச் சாய்ஞ்சிருக்கு. அலைன்மென்டும் போச்சு. அதோட மலைப்பாதை வளைவுல பறந்திருக்கீங்க. இன்னும் ஒரு தடவை போயிருந்தா, உங்களைப் பள்ளத்துலதான் தேடியிருக்கணும்."

இனி ஹகோனே மலையில் வேக ஓட்டம் கிடையாது என்று, மகள் பிறந்த அன்று மியோகோவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவன் ஷிகெகி. அவளோ வெளிறிப்போய் டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடு மியோகோ, நான்தான். மூணே மூணு தடவை. குழந்தை மேல ஆணையா!"

"மூணா?" கமதா சிரித்துவிட்டார். "நல்லா கதை விடுறீங்க சார்! இந்தத் தேய்மானத்துக்கு முப்பது தடவையாவது போயிருக்கணும்."

"சத்தியமா மூணுதாங்க!"

மியோகோ தலைகுனிந்தாள்.

"அவர் பொய் சொல்லலைங்க. குழந்தையைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு, மிச்சமெல்லாம் நான்தான் போனேன்."

ஷிகெகிக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டான்.