காலி வீதிக் கடை

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருந்த அந்தக் கடையில் முதலில் மங்கையர்க்கரசியின் கணவர் நல்லதம்பி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்தார். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கடையோடு அவரும் எரிந்துபோனார். பிறகு அங்கே கசெட் பதிவுசெய்யும் கடை வந்தது. பின்னேரங்களில் ஒழுங்கை முழுக்கப் பாட்டுக் கேட்கும். அதுவும் போய், இப்போது வெளிநாட்டுக்கு ரெலிபோன் கோல் எடுக்கும் கொமியூனிகேஷன் கடை. ஞாயிறுதோறும் கனடாவிலிருந்து மகன் கருணாகரன் அங்கேதான் அழைப்பான்.

அன்று கதைத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்.

“ஆரம்மா பக்கத்தில மெஷின் தைக்கிறது?”

அவள் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே பார்த்தாள். முதலாளி பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

“இஞ்ச மெஷின் ஒண்டும் இல்லையப்பு.”

“நல்லாக் கேக்குதம்மா. இப்ப நிப்பாட்டிட்டு இருமுறார்.”

கணவரின் இருமல் எப்படியிருக்கும் என்பது அவளுக்கே மறந்துகொண்டு வந்தது.

“ஒருக்கா அவரிட்டக் குடுங்கோவன்,” என்றான் மகன்.

அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, வெறும் சுவர்ப்பக்கம் நீட்டிப் பிடித்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மகனின் குரல் மட்டும் மெல்லியதாக வந்தது.

“ஓம் அப்பா, சாப்பிட்டனான்.”